மூன்றாவது ஓலை

சூசைநாதன் நாவலாசிரியன். இதை அவனாகச் சொல்லிக்கொண்டால்தான் உண்டு, மடத்துப்பட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். ஊரார் கணக்கில் அவன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா, வம்சத்திலேயே முதன்முதலாக பி.ஏ. முடித்தவன், முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். இந்த மூன்றில் கடைசித் தகுதிதான் எல்லாருக்கும் சட்டென்று ஞாபகம் வரும்.

வில்லியனூருக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளைத் தாண்டினால் மடத்துப்பட்டு வந்துவிடும். ஒரு கோயில், இரண்டு தெரு, எல்லாம் கிறிஸ்தவக் குடும்பங்கள். நெல்லும் கரும்பும் போட்டவர்கள் போக, மீதிப்பேர் பாண்டிச்சேரிக்கு மில் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு சூசைநாதன் இரண்டு நாவல் எழுதியிருந்தான். இரண்டும் கேட்டது ஒரே கேள்விதான். ஒருவனுக்கு ஒருத்தி என்று யார் வரைந்து வைத்தது? ஒரு மனிதனுடைய எல்லாப் பசிக்கும் இன்னொரு மனிதனே சோறு போட முடியுமா? அன்பு என்றால் வேலி போட்டுத்தான் ஆகவேண்டுமா?

கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட ஆள்தான் சரியில்லை. கொம்யூன் ஆபீசில் அவன் பார்த்தது கல்யாணப் பதிவு. வயசாளிகள் இன்னமும் 'எத்தா சிவில்' என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரிலேயே சொல்லுகிற மேசை. பகலெல்லாம் கல்யாணங்களைப் பதிவேட்டில் ஏற்றுவான். மாலையில் வீட்டுக்கு வந்து கல்யாணம் என்ற ஏற்பாட்டையே நாவலில் கலைப்பான். அவன் நாவலில் வருகிற 'நான்' இரண்டு பெண்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தான். அந்த 'நானை' எழுதிய சூசைநாதனோ, பஸ்ஸில் பக்கத்து இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வான்.

இரண்டாவது நாவலுக்கு 'இரண்டு அடுப்பு' என்று பெயர். அது பாகூரில் பிறந்தது. பாகூர் கொம்யூனில் வேலை பார்த்த மூன்று வருஷமும் அவன் மளிகைக் கடை தெய்வசிகாமணி வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தான். தெய்வசிகாமணிக்கு இரண்டு மனைவிகள், சுலோசனாவும் அம்மணியும். இரண்டாம் கல்யாணம், சட்டம் குறுக்கே வராத பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே நடந்து முடிந்த விஷயம். அந்த வீட்டில் ஒரு அடுப்பில் சோறு கொதிக்கும், இன்னொரு அடுப்பில் குழம்பு கொதிக்கும். பெரியவள் உப்புப் போட மறந்தால் சின்னவள் போடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சூசைநாதனுக்கு அதில் ஒரு புதிய சமுதாயமே தெரிந்தது. அந்தப் பெண்கள் உளுந்து விலையைப் பற்றிப் பேசியதை, சுதந்திரத்தைப் பற்றிப் பேசியதாக மாற்றி எழுதினான். கடைக்காரரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'நான்' என்று போட்டுக்கொண்டான். அப்படி எழுதினால்தான் உண்மை போல் இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

உண்மை போலவேதான் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு டீக்கடை மாடியில் மாதம் ஒருமுறை இலக்கியம் பேசுகிற நண்பர்கள் கூடுவார்கள். புத்தகம் வந்த மாதம் அதில் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "எழுதுறது நீ இல்லப்பா, அனுபவம் பேசுது" என்றார். சூசைநாதன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லேசாகப் புன்னகை செய்தான். அந்தப் புன்னகைக்காக அவன் பிற்பாடு பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஜெயசீலியை அவன் பார்த்ததும் அந்த நாவலால்தான். மடத்துப்பட்டில் அடுத்த தெருப் பெண். ஆனால் சின்ன வயதிலிருந்தே கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தவள், பாகூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிற பெண்ணை அவன் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் தெரிந்துகொண்டான். பள்ளிக்கூட நூலகத்துக்கு என்று இவன் கொடுத்த பிரதியைத் தலைமையாசிரியர் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கத்தில் நின்றவள் வாங்கிக்கொண்டாள். பத்து நாள் கழித்து ஆபீசுக்கே வந்து மேசைமேல் வைத்தாள்.

"படிச்சேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"இந்த ரெண்டு பொம்பளைங்களும் விடிஞ்சு அடைஞ்சா அந்த ஆம்பளையப் பத்தியேதான் பேசுறாங்க. அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவன் மேசைமேல் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

"ரெண்டு பேரும் அவனை நேசிக்கிறாங்க, சரி. அவங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா இருக்குன்னு நீங்க எழுதவே இல்லியே? எனக்கு அதுதான் தெரிஞ்சிக்கணும்னு இருந்துது" என்றாள்.

விமரிசனம் என்றால் அதுதான் விமரிசனம். மாடி நண்பர்கள் ஒருவரும் சொல்லாததை அவள் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவனுக்குப் பாகூர் வெயில் பழகிப்போயிற்று. ஒரு வருஷம் பேச்சும் புத்தகமுமாகப் போனது. வில்லியனூருக்கு மாற்றல் வந்து, அவன் மடத்துப்பட்டில் ஆரோக்கியம் என்ற தன் அம்மாவோடு இருக்க வந்தபிறகு, பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஒரே பங்குக் கோயில், ஒரே சாதி. யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பேசி முடிப்பதற்கு முன்னால் ஜெயசீலி அவனிடம் ஒன்று சொன்னாள். பாகூரில் அவளும் அன்னாமேரி என்ற இன்னொரு டீச்சரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆறு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்கள். அன்னாமேரிக்கு வேறு மனிதர்கள் கிடையாது. கல்யாணம் ஆனாலும் அந்த வீட்டை ஜெயசீலி விடப்போவதில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் அங்கே, சனி ஞாயிறும் லீவு நாளும் இங்கே.

"அவளும் எனக்கு வூட்டு மனுஷிதான். நீங்க வந்துட்டதால அவளை ஒதுக்கிவெச்சிட முடியாது. வேற எந்த ஆம்பளகிட்டயும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க இப்படி எழுதினவராச்சேன்னுதான் சொல்றேன்" என்றாள்.

சூசைநாதனுக்கு மார்பு விரிந்தது. "இதைத்தானே நான் எழுதியிருக்கேன்? இதுக்குப் போய் என்கிட்ட அனுமதி கேக்கலாமா?" என்றான். சொன்ன தோரணை அவனுக்கே பிடித்திருந்தது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு நெருஞ்சி முள் குத்தியதை அவன் கவனிக்கவில்லை. கவனித்தான்தான், நாவலாசிரியனுக்கு அது அழகில்லை என்று விட்டுவிட்டான்.

கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மூன்று ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில், இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று படிப்பார்கள். மடத்துப்பட்டில் யாரும் எதையும் அறிவித்ததாகச் சரித்திரம் இல்லை. ஓலை வாசிக்கும்போது ஜனங்கள் பெண்வீட்டார் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

சூசைநாதனுக்கு முதல் ஓலை வாசித்த அன்றைக்குச் சாயங்காலமே கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இன்னாசி, பங்குச் சாமியார் வீட்டுப் படியேறினார், கையில் 'இரண்டு அடுப்பு'. ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கொடுத்தவன் சூசைநாதனேதான். மற்றவர்கள் அலமாரியில் வைத்துவிட்டார்கள். இன்னாசி ஒருவர்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கத்தியதோடு விட்டது, இவன் அச்சடித்தும் கொடுத்திருந்தான்.

மறுநாள் சாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இக்னேஷியஸ் சாமியார் கட்டை குட்டையான மனிதர். கோபம் சீக்கிரம் வரும், அதைவிடச் சீக்கிரம் போகும்.

"உபதேசியார் சொல்றதைக் கேளு" என்றார்.

இன்னாசி புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். "நாற்பத்தொண்ணாம் பக்கம். 'நான் சுலபாவோடும் மணிமாலாவோடும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு வருஷமும்.' இது பாகூர்ல நடந்துதுன்னும் போட்டிருக்குது. தம்பியும் பாகூர்ல இருந்துது. ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கச்சே மூணாவதுக்கு எப்படி சாமி ஓலை வாசிக்கிறது?"

"ஐயோ, அது கதைங்க!" என்றான் சூசைநாதன்.

"கதைன்னா ராஜா ராணின்னு இல்ல இருக்கும்? இதுல நான், நான்னு இருக்குதே."

"நான்னு எழுதினா நான்னு அர்த்தம் இல்லீங்க."

இன்னாசி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நாப்பது வருஷமா பாவசங்கீர்த்தனத்துக்கு ஜனங்களை வரிசையில நிறுத்துறவன் நான். செஞ்சதை மறைக்கிறவன் உண்டு. பாதி சொல்றவன் உண்டு. செய்யாத பாவத்தை நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு எரநூறு பக்கத்துக்குச் சொல்றவன் உலகத்துல உண்டா?"

அப்படி ஒருவன் உண்டு, அவன் இதோ நிற்கிறான் என்று சொல்ல சூசைநாதனுக்கு வெட்கமாக இருந்தது.

"நெசமோ கதையோ எனக்குத் தெரியாது. தடைன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு, நான் விசாரிச்சாகணும். பாகூர்ல நீ குடியிருந்த வூட்டுக்காரங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்" என்றார் சாமியார்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் சுலோசனாவும் அம்மணியும் வந்து இறங்கினார்கள். கடையை விட்டு வர முடியாது என்று தெய்வசிகாமணி இரண்டு மனைவிகளையும் அனுப்பிவிட்டார். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கோயில் தெருவில் அவர்கள் நடந்து வந்ததைப் பார்த்த ஜனங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. 'சுலபாவும் மணிமாலாவும் வந்துட்டாளுங்க' என்று சேதி அவர்களுக்கு முன்னாலேயே சாமியார் வீட்டைச் சேர்ந்தது.

"இந்தப் பையன் உங்க வூட்டுல எப்படி இருந்தான்?" என்று சாமியார் கேட்டார்.

"தம்பியா?" என்று சுலோசனா ஆரம்பித்தாள். "தங்கமான புள்ளைங்க. நான் கொல்லைப் பக்கம் வந்தா கதவைச் சாத்திக்கும். தண்ணி வேணும்னாக்கூட கேக்காதுங்க, நாங்க ரெண்டு பேரும் உள்ள போற வரைக்கும் காத்துக்கினு இருக்கும்."

"ஒருநா கரப்பாம்பூச்சி வந்துடுச்சின்னு கட்டில் மேல ஏறி நின்னுச்சுக்கா, ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மணி.

"ஆமாண்டி. நீதான துடைப்பத்தை எடுத்துக்கினு போன?"

"பொம்பளைங்க சங்காத்தம் ஏதாச்சும்?" என்று சாமியார் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"இதுக்கா? அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணுங்களே சாமி" என்றாள் சுலோசனா.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த கூட்டத்திலும் அந்தக் குலுக்கல் பரவியது. சூசைநாதனின் கற்பு ஐயந்திரிபற நிரூபணமாயிற்று. இரண்டு வருஷமாக டீக்கடை மாடியில் அவன் அந்த ஒற்றைப் புன்னகையால் கட்டி எழுப்பிய கோட்டை ஒரு துடைப்பத்தால் விழுந்தது.

சாமியார் வேதாகமத்தை எடுத்து அவன் முன் வைத்தார். "கைய வெச்சிச் சொல்லு. உனக்கு வேற எந்தப் பொண்ணோடயாவது வாழ்க்கை இருந்துதா?"

"இல்ல சாமி."

அதோடு முடிந்தது. சாமியார் கேட்டது அவ்வளவுதான். ஆனால் மூலையில் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இன்னாசி இன்னும் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். ஜன்னலில் ஊரே நின்றது. சூசைநாதனுக்கு நாக்குத் தறிகெட்டது. "அதுல இருக்கிற எதையும் நான் நம்பல சாமி. எல்லாம் சும்மா, புஸ்தகம் விக்கணும்னு எழுதினது. ஒருவனுக்கு ஒருத்திதான் சாமி. புருஷன் இருக்கிற எடத்துலதான் பொண்டாட்டி. அதுல வேற பேச்சே இல்ல" என்று கேட்காததற்கும் சேர்த்துச் சத்தியம் செய்தான்.

சுலோசனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப எங்க வூட்டைப் பத்தி நல்லவிதமா எழுதியிருக்கேன்னு சொன்னியே தம்பி, அதுவும் சும்மாதானா?" என்றாள். அவன் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஞாயிறு இரண்டாவது ஓலை. சாமியார் நியாயஸ்தர். சந்தேகம் ஊருக்குத் தெரிந்துவிட்டதால் அது தீர்ந்ததையும் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். ஓலையைப் படித்துவிட்டு, "மணமகனைப் பற்றி எழுந்த ஐயம் விசாரிக்கப்பட்டுத் தீர்ந்தது. தம்முடைய நூலில் உள்ள எதையும் தாம் நம்பவில்லை என்றும், கணவன் இருக்கும் இடமே மனைவிக்கு இடம் என்றும் அவர் சத்தியம் செய்திருக்கிறார்" என்று கணீரென்று அறிவித்தார். ஆண்கள் பக்கத்தில் யாரோ சூசைநாதனின் முதுகில் தட்டினார்கள். அவன் பெண்கள் பக்கம் திரும்பவில்லை.

பூசை முடிந்து, மாதாவுக்குக் குகை போலக் கட்டிய கெபியின் ஓரத்தில் ஜெயசீலி நின்றிருந்தாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க ரெண்டு பொம்பளைங்களோட வாழலன்னு சொன்னதுல எனக்கு இன்னா இருக்கு? அது எனக்குத் தெரிஞ்சதுதான். உங்களைப் பார்த்தாலே தெரியும்."

அந்த இடத்திலும் அவனுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது.

"நம்பலன்னு ஏன் சொன்னீங்க? சாமி அதைக் கேட்டாரா?"

"பயத்துல வந்துடுச்சி ஜெயசீலி."

"பயத்துல வர்றதுதான் உள்ள இருக்கிறதுன்னு எங்க அப்பா சொல்வாரு. புருஷன் இருக்கிற எடத்துலதான் பொண்டாட்டின்னா, பாகூர் வூடு? அன்னாமேரிகிட்ட நான் இன்னா சொல்றது? அவரு நாவல்ல மட்டும்தான் பெரிய மனுஷன்னு சொல்லட்டுமா?"

அவன் கெபிக் கல்லில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினான்.

"அடுத்த ஞாயிறு மூணாவது ஓலை. அதுக்குள்ள எது பொய்யின்னு சொல்லிடுங்க. அன்னிக்கு எங்கிட்ட சொன்னதா, சாமிகிட்ட சொன்னதா? சொல்லலன்னா நானே போய் ஓலையை நிறுத்தச் சொல்லிடுவேன்."

திங்கட்கிழமை அவன் சாமியார் வீட்டுக்குக் கிளம்பினான். கேட்டருகில் இன்னாசி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி?" என்றார். "சும்மாதாங்க" என்று சொல்லி மேலே நடந்து, ஏரிக்கரை வரை போய், வேறு வழியாக வீட்டுக்கு வந்தான். செவ்வாய்க்கிழமையும் அதே. புரட்சிக்காரன் என்று தன்னைப் பற்றி ஒரு பத்திரிகையில் ஒரு வரி வந்ததை வெட்டி ஒட்டி வைத்திருந்தான். அதை எடுத்துப் பார்த்தான். தைரியம் வரவில்லை. அச்சுப்பிழை ஒன்றுதான் கண்ணில் பட்டது.

வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பாகூர் பஸ் ஏறினான். ஜெயசீலி வீட்டில் இல்லை, பள்ளிக்கூடம் விட்டபிறகும் அவளுக்கு மட்டும் ஏதோ கூட்டம். கதவைத் திறந்தவள் அன்னாமேரி. உயரமான பெண், கையெல்லாம் கேழ்வரகு மாவு. "வாங்க, எழுத்தாளரே. உக்காருங்க" என்றாள். எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நாற்காலி இருந்தன, இரண்டின் முதுகிலும் ஆளுக்கொரு துண்டு கிடந்தது. சுவரில் இரண்டு குடை. ஜன்னலோரம் திருத்திய பரீட்சைத் தாள் ஒரு கட்டு, திருத்தாதது ஒரு கட்டு. மூன்றாவது ஆளுக்கென்று அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அவன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"புஸ்தகத்துல எல்லாம் எழுதினீங்க. மூணாவதா வர்ற ஆளு எங்க உக்காரணும்னு எழுதாம விட்டுட்டீங்களே" என்றாள் அன்னாமேரி. கேலிதான், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அடையைத் தட்டில் வைத்து அவன் முன் தள்ளினாள்.

அவன் அடையைப் பிய்த்தான். ஜெயசீலிக்கு இந்த வீட்டில் அவன் கேட்டறியாத சிரிப்புகள் இருந்திருக்கும், அவனுக்குத் தெரியாத சண்டைகள் இருந்திருக்கும், ஆறு வருஷத்து மழையும் காய்ச்சலும் இருந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. பொறாமை. இரண்டு நாவலில், நானூறு சொச்சம் பக்கத்தில், சொத்துடைமையின் நோய் என்று அவன் வைது தீர்த்த அதே சாமான். தன்னிடம் அது இவ்வளவு கொழுத்துக் கிடக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொன்னது முழுப்பொய்தானா? அன்றைக்கு அந்த நெருஞ்சி முள்தான் வாய் முளைத்துப் பேசியதோ என்னவோ.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க" என்றாள் அன்னாமேரி. "அவ உங்களைக் கட்டிக்கட்டும். எனக்கு அது சந்தோஷம்தான். சந்தோஷமே இல்லாமலும் இருக்குது, அது வேற. எனக்குன்னு இருக்கிற மனுஷி அவ ஒருத்திதான். அவளை மொத்தமா எடுத்துக்கப் போறீங்களா?"

"உங்களுக்கும் கஷ்டமா இருக்குதா?" என்று கேட்டான் சூசைநாதன்.

"இல்லாம? உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களா?"

அவன் எழுதிய பெண்கள் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவர்களுக்குக் கஷ்டமே வராது. விட்டுக்கொடுப்பதும் பகிர்ந்துகொள்வதும் அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அதனால்தான் அந்த நாவல்கள் பொய்யாக இருந்தன என்று அவனுக்குப் பட்டது. கருத்தில் பொய் இல்லை, வலிக்காது என்று எழுதியதில்தான் பொய். ஜெயசீலி வருவதற்குள் கிளம்பிவிட்டான். அன்னாமேரிக்குப் பதில் சொல்லவில்லை. படியிறங்கும்போது, "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. சாமியார் மூன்றாவது ஓலையைப் படித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று வழக்கமான வேகத்தில் சொல்லிக்கொண்டே போகையில், ஆண்கள் பக்கத்தில் நடுவரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். கால் மரத்துப்போயிருந்ததால் நேராக நிற்க முடியாமல் பக்கத்தில் இருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளையேதான் எழுந்தது.

சாமியார் ஓலையிலிருந்து நிமிர்ந்தார். "இன்னாடா?"

"சாமி, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"உன் ஓலைக்கு நீயே தடை சொல்றியா?"

கோயில் கொல்லென்று சிரித்தது. அவன் அம்மா, "மாதாவே, இவனுக்குப் புத்தி பெரண்டுபோச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"தடை இல்ல சாமி. அன்னிக்கு உங்க வூட்டுல நான் பொய் சொல்லிட்டேன். எழுதினதை நம்பலன்னு சொன்னது பொய். நம்புறேன்." அவன் பக்கத்தில் இருந்தவர் தலையிலிருந்து கையை எடுத்தான். "பாதி நம்புறேன்."

"பாதியா? மீதி?"

"மீதி இன்னும் தெரியல சாமி. ஜெயசீலி பள்ளிக்கூட நாள்ல பாகூர்லயே இருக்கும். அங்க அதுக்கு ஒரு தோழி இருக்காங்க, ஒரே வூட்டு மனுஷி மாதிரி. அதுக்கு நான் சம்மதம் சொல்லியிருந்தேன். அதையும் சேர்த்துப் பொய்யாக்கிட்டேன். சம்மதம்தான் சாமி. கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா சம்மதம்."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

"இவளை வுட்டுட்டு வேற ஒருத்திகிட்ட போவேன்னு மனசுல வெச்சிக்கினு கல்யாணம் பண்றியா?"

"இல்ல சாமி."

"சாகுற வரைக்கும் இவ ஒருத்திதான்னு வாக்குக் குடுப்பியா?"

"குடுப்பேன் சாமி."

"பின்ன இன்னாடா? நெனைக்கிறது உன் பாடு. வாக்கு வாங்குறதுதான் என் பாடு. அவ எந்த ஊர்ல சோறாக்குறான்றது உங்க ரெண்டு பேர் பாடு. பூசை பாதியில நிக்குது. உக்காரு!"

உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது: இதே பதில் சத்தியம் செய்த அந்தப் புதன்கிழமையே கிடைத்திருக்கும். யாரும் அவனுடைய கருத்தைப் பிடுங்க வரவில்லை. பிடுங்க வருகிறார்கள் என்று பயந்து அவனாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கியது. ஊர் நடுவில் எழுந்து நின்று உண்மையைச் சொன்ன எழுத்தாளன்! அந்தக் காட்சியை எந்த அத்தியாயத்தில் வைக்கலாம் என்றுகூட ஓரமாக யோசித்தான்.

பெருமை பூசை முடிகிற வரைக்கும்தான் நின்றது. ஜெயசீலி நேராக அவனிடம் வந்தாள். அன்னாமேரி அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளைச் சுற்றி, 'இவதானா அது, இவதானா?' என்று பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமிகிட்டயும் எங்கிட்டயும் சொன்னாப் போதாதா? ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? நாங்க ரெண்டு பேரும் ஆறு வருஷமா சத்தமில்லாம இருந்தோம். இப்ப ஆளாளுக்கு அவ மூஞ்சியப் பாக்குறாங்க" என்றாள்.

"சாமி போன வாரம் ஊருக்குத்தான சொன்னாரு, அதனால..."

"அதனால நீங்க ஹீரோ ஆயிட்டீங்க."

சூசைநாதனுக்கு முகம் விழுந்துவிட்டது. அன்னாமேரியைப் பார்த்து, "மன்னிச்சிக்கங்க" என்றான். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "கஷ்டமா இருக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்காகப் போவட்டும்" என்றாள்.

"கல்யாணம்..." என்று இழுத்தான் சூசைநாதன்.

"உண்டு. கோவமும் உண்டு. ரெண்டும் சேர்ந்துதான் வரும்" என்றாள் ஜெயசீலி.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இக்னேஷியஸ் சாமியார் வாக்கு வாங்கும்போது மற்ற மாப்பிள்ளைகளிடம் கேட்பதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். கோடை லீவில் மிச்சமிருந்த நாளெல்லாம் ஜெயசீலி மடத்துப்பட்டில் இருந்தாள். அந்த நாட்களில் சூசைநாதன், ஒரு மனிதனின் எல்லாப் பசிக்கும் இன்னொரு மனிதனே போதும் போலிருக்கிறதே என்று கூச்சத்தோடு நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு மாலை அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"இந்த ஒரு வாரம் மட்டும் இருந்துட்டுப் போறியா?"

ஜெயசீலி அவனைப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். கோபப்படவில்லை.

"கேட்டது நல்லதுதான். முன்னயெல்லாம் கேக்காம உள்ளயே வெச்சிப்பீங்க" என்றாள். "ஆனா நான் போறேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்துடுவேன்."

பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலில் அவள் கை தெரிந்தது, அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பை மெழுகி வைத்துவிட்டுச் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சோறு?" என்றான்.

"சம்மதம்னு கோயில்ல எழுந்து நின்னு சொன்னது யாரு, நானா?" என்றாள் ஆரோக்கியம், மணியை உருட்டுவதை நிறுத்தாமல். "அரிசி பானையில இருக்குது. கல்லு பொறுக்கிட்டு போடு."

சூசைநாதன் முறத்தை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தான்.